ஹார்டி ஒதுக்கிய கணக்கு

கடலூர் மாவட்டத்தில் வளையமாதேவி என்று ஓர் ஊர். மேல் வளையமாதேவி, கீழ் வளையமாதேவி என்று இரண்டாகச் சொல்வார்கள். 2023 ஜூலையில் பயிர் நின்ற நெல்வயலுக்குள் பொக்லைன் இறங்கி, நெய்வேலி சுரங்கத்துக்காகப் பரவனாற்று மாற்றுக் கால்வாய் வெட்டிய படங்கள் பத்திரிகைகளில் வந்தபோது, வெளியூர்க்காரர்கள் பலர் இந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு சர்வே எண்ணின் கனத்தை விளக்க வேண்டியதில்லை. எந்த நிலம் போகிறது, எது மிஞ்சுகிறது என்பதை அந்த எண்தான் சொல்கிறது. 174 என்று இருக்க வேண்டியது 147 என்று அச்சாகிவிட்டால், காகிதத்தில் வேறொருவர் வயல் போய்விடும்.

அப்படி ஒரு பிழை நேர்ந்ததாக வைத்துக்கொண்டு, 174-இலிருந்து 147-ஐக் கழித்துப் பாருங்கள். 27 வரும். 417 என்று மாறியிருந்தால் வித்தியாசம் 243. 741 என்றால் 567. மூன்றுமே 9-ஆல் மீதியின்றி வகுபடும். எந்த எண்ணின் இலக்கங்களை எப்படிக் கலைத்தாலும் இதுதான் கதை. காரணம் எளிது: 10, 100, 1000 எதை 9-ஆல் வகுத்தாலும் மீதி 1. ஆகவே ஓர் இலக்கம் எந்த இடத்தில் உட்கார்ந்தாலும், 9-இன் கண்ணுக்கு அதன் மதிப்பு ஒன்றுதான். பற்றும் வரவும் நேராகவில்லை, வித்தியாசம் 9-ஆல் வகுபடுகிறது என்றால், அனுபவமுள்ள கணக்கப்பிள்ளை முதலில் தேடுவது இலக்கம் இடம் மாறிய பதிவைத்தான்.

ஆதார் எண்ணில் இந்தத் தேடலை எண்ணே செய்துகொள்கிறது. அதன் 12-ஆவது இலக்கம் புதிதாக எதையும் சொல்வதில்லை. முதல் 11 இலக்கங்களுக்குக் காவலாக நிற்கிறது. அதைக் கணக்கிடும் முறையை யாக்கோபஸ் வெர்ஹூஃப் என்ற டச்சுக் கணிதர் 1969-இல் வெளியிட்டார். வெறும் கூட்டலை நம்பினால் இடமாற்றம் பிடிபடாது. 7-ஐயும் 4-ஐயும் எந்த வரிசையில் கூட்டினாலும் 11தான். அதனால் அவர் ஓர் ஒழுங்கு ஐங்கோணத்தைத் திருப்புவதும் கவிழ்ப்பதுமாகிய பத்து அசைவுகளைப் பத்து இலக்கங்களுக்குக் கொடுத்தார். திருப்பிவிட்டுக் கவிழ்ப்பதும், கவிழ்த்துவிட்டுத் திருப்புவதும் ஐங்கோணத்தை ஒரே நிலையில் கொண்டுவிடாது. கூடவே, இலக்கம் நிற்கும் இடத்துக்கேற்ப அதன் அசைவையும் மாற்றினார். அதனால் வரிசை மாறினால் விடை மாறுகிறது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் தவறாமல் பிடிபடுகிறது. சர்வே எண்ணுக்கு இப்படிக் காவல் இலக்கம் கிடையாது.

இலக்கம் இடம் மாறுவது என்பதே, இடத்துக்கு மதிப்புத் தரும் எழுத்துமுறையில்தான் இந்த விதத்தில் நடக்கும். பழைய தமிழ் எண்ணெழுத்தில் பன்னிரண்டு ௰௨. இரண்டு எழுத்துகளையும் மாற்றிப் போட்டால் ௨௰, அதாவது இருபது. வித்தியாசம் 8! இருபத்தொன்று வேண்டுமென்றால் ௨௰௧ என்று மூன்று எழுத்து வேண்டும். ஒன்பதின் மாயம் பன்னிரண்டு என்ற எண்ணுக்குள் இல்லை. அதை 12 என்று எழுதும் பழக்கத்தில் இருக்கிறது.

இலக்கங்களை வைத்து ஆடும் இந்த வகைக் கணக்கைத்தான் ஜி. எச். ஹார்டி ஒதுக்கினார். ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு அழைத்த அதே ஹார்டி. 1940-இல் வெளிவந்த தன் ‘எ மேத்தமடீஷியன்ஸ் அப்பாலஜி’ நூலில், கணிதரின் மனத்தைத் தொடாத கணக்குக்கு உதாரணமாக ஒன்றைக் காட்டினார். நான்கு இலக்க எண்களில், தன்னைத் திருப்பி எழுதிய எண்ணின் மடங்காக வருபவை 8712, 9801 என்ற இரண்டு மட்டுமே: 8712 என்பது 2178-இன் நான்கு மடங்கு, 9801 என்பது 1089-இன் ஒன்பது மடங்கு. பத்திரிகைப் புதிர்ப் பகுதிக்கு இது பொருந்தும், ஆனால் இதிலிருந்து பெரிய பொதுவிதி எதுவும் பிறக்காது என்பது அவர் தீர்ப்பு.

தீர்ப்பில் பாதி சரி என்றுதான் எனக்குப் படுகிறது. மீதிப் பாதியைப் பார்க்க, பத்தை விட்டு வேறு அடிமானத்துக்குப் போக வேண்டும். மூன்றடிமானத்தில் இலக்கங்கள் 0, 1, 2 மட்டுமே; இடமதிப்புகள் 1, 3, 9, 27. அதில் 32-ஐ 1012 என்றும், 64-ஐ 2101 என்றும் எழுதுவோம். ஒன்றைத் திருப்பினால் மற்றது. ஒன்றின் இரட்டிப்பு மற்றது. எட்டடிமானத்தில் 1067-ஐ 7-ஆல் பெருக்கினால் 7601. பத்தில் 1089, ஒன்பதால் பெருக்கினால் 9801. ஒரே குடும்பம்! மூன்றிலிருந்து எந்த அடிமானத்தை எடுத்தாலும் இந்த ஜோடி உண்டு. அடிமானத்தின் வர்க்கத்தில் ஒன்றைக் குறைத்து, கிடைத்ததை மறுபடி வர்க்கம் எடுத்தால் பெரிய எண் வந்துவிடும்: பத்தில் 99-இன் வர்க்கம், எட்டில் 63-இன் வர்க்கம், மூன்றில் 8-இன் வர்க்கம். பள்ளி இயற்கணிதத்தில் இரண்டு வரியில் நிறுவிவிடலாம். ஹார்டி எதிர்பார்த்த ஆழம் இதில் இல்லைதான். ஆனால் பத்தின் தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியாது.

ராமானுஜனைப் பார்க்க ஹார்டி ஏறிவந்த டாக்ஸியின் எண் 1729 கூட இந்த விளையாட்டிலிருந்து தப்பவில்லை. அதன் இலக்கங்களைக் கூட்டினால் 19. அதைத் திருப்பினால் 91. இரண்டையும் பெருக்கினால் 1729. ராமானுஜன் சொன்ன பெருமை, இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுத முடிகிற மிகச் சிறிய எண் என்பது, எந்த அடிமானத்திலும் நிற்கும். இந்த 19, 91 பெருமை பத்துக்கு வெளியே உதிர்ந்துவிடும். இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் காட்ட இதைவிட நல்ல எண் கிடைக்காது.

ஹார்டி ஒதுக்கிய கணக்கையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர். 1905-இல் மராட்டியக் கடலோரத்து தஹானுவில் பிறந்தார். புனே ஃபெர்குசன் கல்லூரியில் படித்தார். 1930 முதல் 1962 வரை நாசிக் பக்கத்து தேவ்லாலியில் பள்ளி ஆசிரியர். ஆராய்ச்சிப் பட்டம் இல்லை. கட்டுரைகளைச் சிறு இதழ்களிலும் தானே அச்சிட்ட புத்தகங்களிலும் வெளியிட்டார். கணித மாநாடுகளுக்குப் போய்ப் பேசுவார். இது சிறுபிள்ளை விளையாட்டு என்று சிரித்தவர்கள் உண்டு. தன் எண்களுக்கு அவர் வைத்த பெயர்களில் ஓர் ஊர்வாசனை அடிக்கும். டோம்பிவிலி ரயில் நிலையத்தின் பழைய பெயரால் ‘டெம்லோ’ எண்கள், இலக்கக் கூட்டுத்தொகையால் வகுபடுபவை ‘ஹர்ஷத்’ எண்கள், தன் ஊரின் பெயரில் ‘தேவ்லாலி’ எண்கள். கடைசியாகச் சொன்னவை, வேறொரு எண்ணோடு அதன் இலக்கங்களைக் கூட்டிப் பெற முடியாதவை: 1, 3, 5, 7, 9, 20, 31, 42 என்று போகும்.

அவருடைய புகழ்பெற்ற எண் 6174. 1946-இல் கண்டுபிடித்தார். 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அதை அறிவித்தார். செய்முறை இவ்வளவுதான்: எல்லாம் ஒரே இலக்கமாக இல்லாத நான்கு இலக்க எண் ஒன்றை எடுங்கள். இலக்கங்களை இறங்குவரிசையில் ஒரு தரம், ஏறுவரிசையில் ஒரு தரம் எழுதிக் கழியுங்கள். விடையை அதேபோல மறுபடி செய்யுங்கள். மாநாடு நடந்த ஆண்டையே எடுத்துக்கொள்வோம். 9941-இலிருந்து 1499 போனால் 8442. அடுத்து 5994. பிறகு 5355, 1998, 8082, 8532. ஏழாவது கழித்தலில் 6174. அதற்கு மேல் நகராது, ஏனென்றால் 7641-இலிருந்து 1467-ஐக் கழித்தாலும் 6174தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்கு மேல் போகாது. 1949 அந்த ஏழையும் ஒன்று விடாமல் கேட்கிறது.

ஏன் எல்லாம் ஒரே இடத்தில் போய் விழுகின்றன? இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். வரிசைப்படுத்திய இலக்கங்களில் முதலுக்கும் கடைசிக்கும் உள்ள வித்தியாசத்தை 999-ஆல் பெருக்குங்கள். நடுவில் உள்ள இரண்டின் வித்தியாசத்தை 90-ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் கழித்தலின் விடை. 1949-க்கு 8, 5 என்ற வித்தியாசங்கள். 7992-உம் 450-உம் சேர்ந்து 8442. ஆக, முதல் கழித்தல் முடிந்ததும் நான்கு இலக்கங்களும் மறைந்து இரண்டு வித்தியாசங்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. முதல் வித்தியாசம் 1 முதல் 9 வரை இருக்கலாம். இரண்டாவது, பூஜ்யத்திலிருந்து முதலாவதின் அளவு வரை. எண்ணிப் பார்த்தால் மொத்தம் 54 சாத்தியங்கள். பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான எண்கள் ஒரே படியில் 54-ஆகச் சுருங்கிவிட்டன. அந்த 54-ஐயும் ஒரு மாலைப்பொழுதில் காகிதத்தில் போட்டு முடித்துவிடலாம். 6174-ஐ நம்புவதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

எல்லா நீளத்துக்கும் இப்படி அமையாது. மூன்று இலக்கங்களுக்கு 495 உண்டு. இரண்டு இலக்கங்கள் முடிவில்லாமல் சுற்றும்: 9, 81, 63, 27, 45, மறுபடி 9. ஐந்து இலக்கங்களுக்கும் நிலையான எண் கிடையாது.

சரி, 6174 பத்தின் தற்செயலா? ஐந்தடிமானத்தில் இதே கழித்தலைச் செய்தால் 3032 அசையாமல் நிற்கும். பதினைந்தடிமானத்தில் 9, 2, 11, 6 என்ற இலக்கங்கள் கொண்ட எண் நிற்கும் (அங்கே 11 என்பது ஒற்றை இலக்கம்). அடிமானம் ஐந்தின் எத்தனை மடங்கு என்று பார்த்து, அந்த மடங்கை மூன்றால் பெருக்கினால் முதல் இலக்கம், மடங்கிலிருந்தே ஒன்றைக் குறைத்தால் இரண்டாவது, நான்கால் பெருக்கி ஒன்றைக் குறைத்தால் மூன்றாவது, இரட்டித்தால் நான்காவது. பத்து, ஐந்தின் இரு மடங்கு. 6, 1, 7, 4. காப்ரேகரின் எண் பத்துக்குச் சொந்தமாகத் தெரிந்தாலும், அதைப் பெற்றது ஐந்து.

நிலையான எண் இருந்தால் மட்டும் போதாது. எல்லா எண்களையும் அது தன்னிடம் இழுக்க வேண்டும். எந்தெந்த அடிமானங்களில் அப்படி இழுக்கும் என்பதை 1978-இல் ஹெல்முட் ஹாஸ்ஸ, பிரிச்செட் என்ற இருவர் முழுமையாகத் தீர்மானித்து, ஜெர்மனியின் பழம்பெரும் கிரெல் இதழில் வெளியிட்டார்கள். ஹாஸ்ஸ 20-ஆம் நூற்றாண்டு எண் கோட்பாட்டின் பெரிய பெயர்களில் ஒருவர். மாநாட்டில் சிரித்தவர்களுக்கு இதைவிட மரியாதையான பதில் இருக்க முடியாது. அதற்கு மூன்று வருடம் முன்பே, 1975-இல், மார்ட்டின் கார்ட்னர் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் காப்ரேகரைப் பற்றி எழுதி அவரை உலகறியச் செய்திருந்தார்.

இதுவரை பார்த்தது இலக்கங்கள் நாற்காலி மாற்றிக்கொள்வது. இன்னொரு வகை மாற்றம் உண்டு. இடம் அப்படியே இருக்கும். 1 இருக்கும் இடத்திலெல்லாம் 2, 2 இருக்கும் இடத்திலெல்லாம் 1 என்று மாற்றி எழுதுவது. பத்தடிமானத்தில் இது வெறும் பெயர் மாற்றம். 1-க்கும் 2-க்கும் அங்கே தனி உறவு எதுவும் இல்லை. மூன்றடிமானத்தில் செய்து பாருங்கள்.

0 அப்படியே. 1, 2 ஆகிறது. 2, 1 ஆகிறது. 3-ஐ அங்கே 10 என்று எழுதுவோம். மாற்றினால் 20, அதாவது 6. 4 என்பது 11. மாற்றினால் 22, அதாவது 8. இப்படியே போனால் கிடைக்கும் தொடர்வரிசை: 0, 2, 1, 6, 8, 7, 3, 5, 4, 18, 20, 19... எந்த எண்ணும் விட்டுப்போகாது, எதுவும் இரண்டு தடவை வராது. 3 போய் 6-இல் உட்கார்ந்தால் 6 வந்து 3-இல் உட்காரும். நீல் ஸ்லோன் 1964-இல் மாணவராக இருந்தபோது அட்டைகளில் குறித்துவைக்கத் தொடங்கி, 1973-இல் புத்தகமாக்கி, 1996-இல் இணையத்துக்குக் கொண்டுபோன முழு எண் தொடர்வரிசைக் களஞ்சியத்தில் இதற்கு 4488 என்ற வரிசை எண். அங்கே இதன் பெயரில் இலக்க மாற்றம் என்ற பேச்சே இல்லை. ஓர் எண்ணை அதோடேயே, மீதியை அடுத்த இடத்துக்கு ஏற்றாமல் கூட்டுவது என்றுதான் இருக்கிறது. ஒன்றும் ஒன்றும் இரண்டு. இரண்டும் இரண்டும் நான்கு, அதில் மூன்று போக ஒன்று. மூன்றடிமானத்தில் 1-ஐ 2 ஆக்குவதும் 2-ஐ 1 ஆக்குவதும் இரட்டிப்பதுதான்! பெயர் மாற்றம் போலத் தெரிந்தது கூட்டலாகிவிட்டது.

இன்னும் ஒரு படி உண்டு. இந்த மீதி ஏற்றாத கூட்டலில் ஓர் எண்ணையும் அதன் மாற்றையும் கூட்டினால் ஒவ்வோர் இடத்திலும் 3 வந்து பூஜ்யமாகும். அப்படியானால் அந்த மாற்று, எண்ணின் எதிர்மறை. தராசை நினைத்தால் இது கண்ணுக்குத் தெரியும். 1, 3, 9, 27 கிலோ படிக்கற்கள் நான்கு மட்டும் இருந்தால், இரண்டு தட்டிலும் கல் வைக்கலாம் என்ற அனுமதியோடு 1 முதல் 40 கிலோ வரை எந்த முழு எடையையும் நிறுக்கலாம். 5 கிலோவுக்கு 9-ஐ ஒரு தட்டிலும், 3-ஐயும் 1-ஐயும் சரக்குத் தட்டிலும் வைக்க வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் மூன்று நிலைகள்: எதிர்த் தட்டு, சரக்குத் தட்டு, கீழே தரை. தட்டுகளை மாற்றிப் போட்டால் கூட்டல் குறி கழித்தல் குறியாகிவிடும். 1-க்கும் 2-க்கும் நடந்த மாற்றம் இதுவேதான். 2-ஐ −1 என்று படித்தால் போதும்.

இது காகிதத்தோடு நின்றுவிடவில்லை. 1958-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நிகோலாய் புருசென்ட்சோவ் கட்டிய ‘செதுன்’ கணினி இந்த −1, 0, 1 முறையில் வேலை செய்தது. எண்ணின் குறிக்கென்று தனி இடம் அதில் தேவைப்படவில்லை. கழிக்க வேண்டுமானால் 1-ஐயும் −1-ஐயும் மாற்றிவிட்டுக் கூட்டினால் ஆயிற்று. ஏறத்தாழ ஐம்பது இயந்திரங்கள் தயாரானதோடு நிறுத்திவிட்டார்கள். உலகம் 0, 1 மட்டும் கொண்ட இருமத்தோடு போய்விட்டது.

இருமத்துக்கே வருவோம். 1-ஐயும் 2-ஐயும் நான்கடிமானத்தில் மாற்றினால்? இந்தத் தலைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தொடர்வரிசை இப்படிப் போகும்: 0, 2, 1, 3, 8, 10, 9, 11, 4, 6, 5, 7, 12, 14, 13, 15... மீதி ஏற்றாத இரட்டிப்பு இங்கே உதவாது. இரண்டை இரட்டித்தால் நான்கு, நான்கு போக பூஜ்யம். எதிர்மறையும் இல்லை. ஆனால் நான்கடிமானத்தின் ஒவ்வோர் இலக்கமும் இருமத்தில் இரண்டு இலக்கங்கள்: 0 என்பது 00, 1 என்பது 01, 2 என்பது 10, 3 என்பது 11. 1-ஐ 2 ஆக்குவது என்றால் 01-ஐ 10 ஆக்குவது. 00-உம் 11-உம் மாற்றினாலும் அப்படியேதான். அதாவது நான்கில் பெயர் மாற்றமாக இருப்பது இரண்டில் இடமாற்றம். சர்வே எண்ணில் பார்த்ததும் இதுவும் வேறு வேறு வகை என்றேன். நான்கடிமானத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

இதற்கு ஒரு படமும் உண்டு. நான்குக்கு நான்கு கட்டம் ஒன்று போட்டு, 0 முதல் 15 வரை இரண்டுக்கு இரண்டு பொதியாக நிரப்புங்கள். மேல் இடது பொதியில் 0, 1, அவற்றின் கீழே 2, 3. மேல் வலது பொதியில் 4, 5, கீழே 6, 7. கீழ் இடதில் 8, 9, கீழே 10, 11. கீழ் வலதில் 12, 13, கீழே 14, 15. முழுக் கட்டத்தை மூலைவிட்டத்தின் மேல் மடித்தால் 1 போய் 2-இன் மேல் விழும், 4 போய் 8-இன் மேல், 5 போய் 10-இன் மேல், 7 போய் 11-இன் மேல். நம் தொடர்வரிசையே இதுதான். அசையாமல் நிற்கும் 0, 3, 12, 15 மூலைவிட்டத்தில் உட்கார்ந்திருப்பவை. நான்கடிமானத்தில் 0-உம் 3-உம் மட்டுமே கொண்டு எழுதப்படும் எண்கள் என்பதால் எல்லாமே மூன்றின் மடங்குகள்.

இப்படிப் பொதி பொதியாகக் கட்டத்தை நிரப்பும் முறையை 1966-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் கை மார்ட்டன் வரைபடத் தகவல்களைச் சேமிக்கப் பரிந்துரைத்தார். கட்டத்தில் பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் நினைவகத்திலும் பக்கத்தில் இருக்கும் என்பது அதன் லாபம். இன்றைய கணினிகளின் வரைகலைச் சில்லுகள் படங்களை அடுக்குவதற்கு இதே வகை வரிசையைக் கையாளுகின்றன. அப்படி அடுக்கிய ஒரு சதுரப் படத்தின் கிடைவரிசையை நெடுவரிசையாக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு புள்ளியின் வரிசை எண்ணையும் நான்கடிமானத்தில் எழுதி 1-ஐயும் 2-ஐயும் மாற்றினால் போதும்.

தளத்திலிருந்து பெட்டிக்குப் போக விரும்புகிறவர்கள் எட்டடிமானத்தை எடுக்கலாம். அங்கே ஒவ்வோர் இலக்கமும் மூன்று இரும இலக்கங்கள், ஒவ்வொன்றும் நீளம், அகலம், உயரத்துக்கு ஒன்று. 1 இருக்கும் இடத்தில் 2, 2 இருக்கும் இடத்தில் 4, 4 இருக்கும் இடத்தில் 1. அதேபோல 3-க்கு 6, 6-க்கு 5, 5-க்கு 3. 0-உம் 7-உம் அசைய வேண்டாம். கனசதுரம் தன் எதிரெதிர் மூலைகளை இணைக்கும் கோட்டைப் பிடித்துக்கொண்டு மூன்றில் ஒரு பங்கு சுழலும். மூன்று தடவை செய்தால் எல்லா எண்களும் வீடு திரும்பிவிடும்.